கோத்து வைத்த ஊசி

ஊசியில் நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காஜா அக்கா காலையில் பின்கதவைத் திறப்பாள். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஊசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தை ஒன்று உண்டு. அதில் மற்ற ஊசிகளோடு சேராமல் ஒரு ஊசி ஓரமாக நிற்கும். வெள்ளை நூல் கோத்து, முடிச்சும் போட்டு, நூலில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானும் தொங்கும். ஊசி துருவேறினால் வேறு ஊசி மாற்றுவாள். நூல் பழுத்தால் வேறு நூல். பொத்தான் மட்டும் ஏழு வருஷமாக அதேதான்.

சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவள் தொழில். கடைத்தெருவில் மூன்று தையல்கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். பொத்தான் நுழைகிற ஓட்டையை வெட்டி, அதன் ஓரம் பிரியாமல் நூலால் கட்டித் தருவாள். "ஊர்ல எல்லாரும் ஓட்டைய அடைச்சுப் பொழைக்கிறாங்க. நான் ஒருத்திதான் ஓட்டை போட்டுப் பொழைக்கிறேன்" என்பாள். ஐம்பத்து மூன்று வயது. சிரிக்கும்போது வாயில் இருக்கும் குண்டூசியை நாக்கால் ஓரமாகத் தள்ளிக்கொள்வாள். பார்க்கிறவர்கள்தான் தங்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

பின்கதவைத் திறந்தால் தோட்டம். தோட்டம் என்று அவள் சொல்கிறாள். நாலு கட்டில் போடும் அளவு இடம், மூன்று பக்கம் சுவர். வீடு கட்டியவன் மிச்சமான சுண்ணாம்பு, உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்டு மூட்டை எல்லாவற்றையும் அங்கேயே புதைத்து மேலே மண்ணைத் தூவிவிட்டுப் போய்விட்டான். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருநாள் ஒரு பிடி மண்ணைக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றிக் காட்டினாள். மண் நுரைத்துக்கொண்டு சீறியது. "பாத்தீங்களா அக்கா, அத்தனையும் சுண்ணாம்பு" என்றாள் நர்ஸ். காஜா அக்கா கிண்ணத்தின் மேல் காதை வைத்து, சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மண்ணில் அவள் படாத பாடு இல்லை. முதல் வருஷம் கத்தரி வைத்தாள். இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அடுத்த வருஷம் வெண்டை ஒரு சாண் வளர்ந்து அதோடு நின்றுவிட்டது. "வளரவும் இல்ல, சாகவும் இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நிக்குது" என்று நர்ஸிடம் புலம்பினாள். மூன்றாம் வருஷம் மிளகாய் நாற்றுகள் ஒரே காலையில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, தண்டை யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல. புழு என்றாள் நர்ஸ். "புழுவா இருந்தா என்கிட்ட வேலைக்கு வரச் சொல்லு. இவ்வளவு நேரா எனக்கே வெட்ட வராது."

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, தெருவில் கூட்டிய சருகு என்று கூடை கூடையாகக் கொட்டிப் பார்த்தாள். மேடாகக் குவித்தது ஒரு மாதத்தில் தரையோடு தரையாகிவிடும். மக்கினால் அமுங்கத்தான் செய்யும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் இங்கே அமுங்கியபின் ஒரு குழியும் விழும். மூட்டைகளில் மிஞ்சும் பருத்தி வெட்டுத்துணியையும் புதைத்தாள். மறு வருஷம் தோண்டினால் துணி இருந்த சுவடே இருக்காது, மட்காத பாலியஸ்டர் நூல் மட்டும் சிக்கல் சிக்கலாகக் கையில் வரும். "துணியத் தின்னுட்டு நூலைத் துப்புது பாரு" என்று மண்ணைத் திட்டுவாள். சிரித்துக்கொண்டுதான் திட்டுவாள். அப்புறம் மண்வெட்டியை ஓசைப்படாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வருவாள்.

இவ்வளவு பாடும் அவள் கணவருக்காக. தோட்டம் போட ஆசைப்பட்டவர் அவர்தான். அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை. வாய்க்கால் கரையோடு நடந்து, பாலத்தைத் தாண்டிப் போய், நடந்தே சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு வருவார். விதைக்கடைக்கும் அதே வழிதான். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை நாள், காலையிலிருந்து மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பீர்க்கை விதை வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவரின் சட்டையில் நாலாவது பொத்தான் தெறித்து எங்கேயோ உருண்டுவிட்டது. தேட நேரமில்லை. காஜா அக்கா கைக்கு அகப்பட்ட காப்பிக்கொட்டை நிறக் கோட்டுப் பொத்தானை எடுத்தாள். அப்போது தைத்துக்கொண்டிருந்தது பச்சைப் பாவாடை என்பதால் ஊசியில் பச்சை நூல். அந்த நூலாலேயே, வாசலில் நிற்க வைத்துத் தைத்துவிட்டாள். "என்னையும் சேத்துத் தைச்சுடாத" என்று சிரித்தார். "இதோ வந்துடறேன்" என்று போனார்.

வரவில்லை. ஆஸ்பத்திரி, காவல் நிலையம், சொந்தக்காரர் வீடு எல்லாம் தேடியாயிற்று. வாய்க்காலில் அந்த வாரம் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது. அதிலும் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அவர் போன அன்று சாயங்காலம் வீடு கூட்டும்போது இயந்திரத்தின் மிதிக்குக் கீழே வெள்ளைப் பொத்தான் கிடந்தது. வந்ததும் மாற்றித் தைக்க வேண்டும் என்று நூலில் கோத்து வைத்தாள். அன்றைக்குக் கோத்ததுதான் அந்த ஊசி.

வாசலில் வைத்து அவரையும் சேர்த்தே தைத்திருக்கலாம் என்று அவள் நினைக்காத நாள் கிடையாது.

அவரைப் பற்றிப் பேசும்போது அவள் வாயில் 'இருந்தார்' வராது. "அவருக்குப் பீர்க்கங்காய்னா உயிர்" என்பாள். "அவருக்கு இந்தச் சத்தம் ஆகாது" என்று வானொலியைக் குறைப்பாள். புதிதாக வந்தவர்கள், மனிதர் உள்ளே தூங்குகிறார் போலிருக்கிறது என்று தாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தெரிந்தவர்களும் தாழ்த்திக்கொள்வதுதான் சங்கடம்.

கொழுந்தன் மாதம் ஒருமுறை வருவான். நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறான், நல்ல மனுஷன். ஒவ்வொரு முறையும் ஒரே காகிதத்தைப் புதிதாக நகல் எடுத்துக் கொண்டுவருவான். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று மனைவி கையெழுத்திட வேண்டிய காகிதம். வீடு அவர் பேரில் இருக்கிறது. அதை அவள் பேருக்கு மாற்றாவிட்டால் நாளைக்கு ஒழுகுகிற கூரையை இடித்துக் கட்டக்கூட அனுமதி கிடைக்காது.

"வருஷம் ஏழாச்சு அண்ணி."

"செடி பிடிக்கட்டும் தம்பி. அப்புறம் போடறேன்."

அந்த மண்ணில் செடி பிடிக்காது என்ற தைரியம்தான் அவளுக்கு. ஆனால் கொழுந்தன் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள். மண்தானே குறை என்று ஒருநாள் பகலில் ஒரு லாரி மண்ணோடு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"என் பொழப்புல மண்ணைப் போட வந்துட்டீங்களா தம்பி?"

"இல்ல அண்ணி, தோட்டத்துல போடத்தான் வந்தேன்."

கறுப்பு மண். ஈர இரும்பு வாசனை அடித்தது. லாரிக்காரர் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து காட்டினார். "வாய்க்கால் தூர் வாருறாங்கம்மா. எத்தனையோ வருஷமா யாரும் கை வைக்காத வண்டல். கல்லைப் போட்டாக்கூட முளைக்கும்."

"எந்தப் பக்கம் எடுத்தது?"

"பாலத்துக்குக் கீழ."

காஜா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

அந்த மண்ணில் பாதியைச் சருகோடு கலந்து பாத்தியில் பரப்பினாள். மீதி சுவரோரம் குவியலாகக் கிடந்தது. பாத்தியில் என்ன விதைக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்பதாம் நாள் குவியலில் ஒரு முளை தலை நீட்டியது. பருத்த இரண்டு இலை. விதை போட்டவர் யாரும் இல்லை. வாரம் கழித்துப் பார்த்த நர்ஸ், "பீர்க்கை மாதிரி இருக்கே அக்கா" என்றாள். காஜா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணில எத்தனையோ விதை அடிச்சுக்கிட்டு வரும்" என்றாள் நர்ஸ். நியாயமான பேச்சுத்தான். ஆனால் சொல்லிவிட்டு அவளே முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

கொடி வளர்ந்த வேகம் சாதாரணமாக இல்லை. காஜா அக்கா தினமும் காலையில் அளவு நாடா வைத்து அளந்தாள். ஒருநாள் ஏழு அங்குலம், ஒருநாள் பதினொன்று. பந்தல் கட்டி அதன் மேல் ஏற்றிவிட்டாள். ஏறவில்லை. மறுநாள் காலை இறங்கி, தரையோடு பின்கதவைப் பார்த்து வந்திருந்தது. திரும்ப ஏற்றினாள், திரும்ப இறங்கியது. ஒரு காலை கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. பலமாகத் தள்ளியபின் பார்த்தால், வெளித் தாழ்ப்பாளில் கொடியின் பற்றுச்சுருள் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. நறுக்க வேண்டும் என்று கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, விரலாலேயே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து விட்டாள்.

"சுவத்துச் சூட்டுக்கு வருது அக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள் நர்ஸ். பிறகு, குரலை இறக்கி, "இதுல காய்க்கிறத எனக்கு மட்டும் குடுத்துடாதீங்க" என்றாள்.

பீர்க்கம்பூ சாயங்காலத்தில் விரிவது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் விரியும். இந்த வீட்டில் அது ஐந்தரைக்கு விரிந்தது. வெயில் சாய்ந்த தோட்டத்தில் மஞ்சள் மஞ்சளாக, எல்லாப் பூவும் கதவைப் பார்த்துத் திறந்தன. காஜா அக்கா அந்த நேரத்துக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நிற்பாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அடுத்த மாதம் காகிதத்தோடு வந்த கொழுந்தன் பின்கதவில் நின்று அசந்துபோனான். கொடியில் ஒரு முழ நீளத்தில் ஒரு காய் தொங்கிக்கொண்டிருந்தது. "அட, பிடிச்சிடுச்சே அண்ணி!" என்று கத்திவிட்டான். கத்தியபின்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கையிலிருந்த காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சொன்ன சொல் சொன்னதுதான் தம்பி. போடறேன்" என்றாள் அவள். "அடிவேர் வெளில தெரியுது. மண் அணைச்சுட்டு வந்துடறேன்."

மண் கிளறும் சிறு கொத்தை எடுத்துக்கொண்டு குவியலின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொடியின் அடியில் மண் சரிந்து, வேர்கள் கொத்தாகத் தெரிந்தன. அணைக்கப் போன கை அங்கேயே நின்றது. கொத்தைக் கீழே வைத்தாள். கட்டைவிரலால் மண்ணை விலக்கினாள்.

கொழுந்தன் நெருங்கி வந்து குனிந்தான். வேர்களுக்கு நடுவே ஒரு பொத்தான். காப்பிக்கொட்டை நிறம். நாலு துளையிலும் பச்சை நூல், சாயம்கூட அதிகம் போகாமல். பொத்தான் தைத்து முடித்ததும் அது ஆடாமல் இருக்க அடியில் நூலைச் சுற்றுவார்கள். அந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வேர் ஒன்று நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"ஊர்ல பாதிச் சட்டைக்கு நீங்கதானே பட்டன் தைக்கிறீங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "ஏதோ ஒண்ணு..."

"ஊருக்குத் தைக்கிறது ரெண்டு கோடு" என்றாள். பொத்தானை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு துளையிலிருந்து மற்ற மூன்று துளைக்கும் நூல் பிரிந்து போயிருந்தது. "இது கோழிக்கால். அவர் சட்டைக்கு மட்டும்தான் போடுவேன்."

கொழுந்தன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "எங்கண்ணன்" என்றான்.

அவள் அழவில்லை. பொத்தானைச் சுற்றியிருந்த வேரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள், தாழ்ப்பாளில் பிரித்ததுபோலவே. குழியை மூடி, கொடிக்கு மண் அணைத்து, உள்ளங்கையால் தட்டிவிட்டாள். தொட்டியில் பொத்தானைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். கொழுந்தன் எழுந்து பின்னாலேயே உள்ளே வந்தான். தோட்டத்தில் பூக்கள் விரியத் தொடங்கியிருந்தன. இயந்திரப் பலகையில் பொத்தானை வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தாள்.

"விதை வாங்கிட்டுத்தான் திரும்பியிருக்கார் தம்பி" என்றாள். "எங்க போடணும்?"

அவன் காகிதத்தைப் பிரித்து விரலால் இடத்தைக் காட்டினான். பேனாவையும் நீட்டினான். பேனாவை வாங்குமுன் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. கை பஞ்சு மெத்தைக்குப் போயிற்று. ஓரத்து ஊசியை உருவி, முடிச்சைப் பல்லால் கடித்து, நூலை இழுத்தாள். வெள்ளைப் பொத்தான் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பழுப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தாள். நூல் இல்லாத அந்த ஊசியை மற்ற ஊசிகளுக்கு நடுவே, ஓர் இடைவெளி பார்த்துக் குத்தினாள்.