உச்சி வெயிலில் மூடிய சோலார்

நாட்டில் சண்டை முடிந்து, இடம்பெயர்ந்திருந்த நாங்கள் படுவான்கரையில் எங்கள் ஊருக்குத் திரும்பியபோது அங்கே மின்சாரம் இல்லை. உதவி நிறுவனம் ஒன்று கூரைக்குச் சோலார் தகடும், பற்றரியும், இரண்டு விளக்கும் தந்தது. முதல் கிழமை நன்றாக எரிந்தது. பிறகு, போட்ட கொஞ்ச நேரத்திலேயே விளக்கு மங்கி அணைந்தது. வெயிலோ கொளுத்தியது. தகட்டைக் கூரையில் பூட்டித் தந்தவர் வந்து பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் கிடக்கு அக்கா" என்று தலையைச் சொறிந்தார்.

ஒருநாள் இருட்டில் மகளின் பாயருகே ஏதோ நெளிந்தது. டோர்ச் அடித்தால் விரியன் பாம்பு. அவள் காலை மடக்கிப் படுத்திருந்ததால் தப்பினாள்.

மறுநாள் வயல்வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றேன். உச்சி நேரம் வானில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. பின்வளவில் நின்ற என் கணவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி, தென்னோலைக் கிடுகு ஒன்றால் தகட்டை மூடினார்.

"என்ன செய்யிறீங்க?"

"மினுங்குது புள்ள. மேல இருந்து பாத்தாத் தெரியும்."

"சண்டைதான் முடிஞ்சிட்டே."

"ஓம், முடிஞ்சிட்டு" என்றார். ஆனால் கிடுகை எடுக்கவில்லை. பின்னேரம் எடுத்துவிடுவாராம், தினமும் அப்படித்தானாம். சண்டைக் காலத்தில், மினுங்கினால் ஹெலியிலிருந்து சுடுவார்கள் என்று தகரக் கூரையை இப்படித்தான் மறைப்போம். சோலாருக்கு வெயில் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். கோபப்படுவதா, அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது ஹெலி சத்தம் கேட்டால் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறேன். விளக்கு விடியும்வரை எரிகிறது.

நேற்றும் கொடுத்துவிட்டு முற்றத்தைப் பார்த்தேன். சற்றுமுன் நான் காயவைத்த அலுமினியப் பானையின் மேல் ஒரு சாக்குக் கிடந்தது. அவர் குசினியில்தான் இருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஹெலி சத்தம் கேட்டபோது முற்றத்தில் நின்றது நான் மட்டும்தான்.