நகரசபை எங்கள் வேலியைப் பார்க்க வந்த சனிக்கிழமை

எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னியின் மேற்குப் பக்கத்து நகரசபை ஒன்றில் எனக்குத் தட்டெழுத்தாளர் வேலை கிடைத்தது. கூட்டங்களில் சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்து, மறுநாள் அதைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். முதல் அரை வருடம் சோதனைக் காலம். அது முடிந்த பிறகு நகரசபையின் தலைமை அதிகாரியான டவுன் கிளார்க் மனம் வைத்தால் நிரந்தரம். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்த என் கணவர் இங்கே பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கேயும் ஆட்குறைப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஆகவே என் வேலை நிரந்தரமாவதை நம்பித்தான் வீடே இருந்தது.

நகரசபை என்றால் பெரிய விஷயங்கள் பேசுவார்கள் என்று நினைத்துப் போனவள் நான். முதல் மூன்று கூட்டங்களிலும் ஒரு குதிரைத் தொட்டியைப் பற்றிப் பேசினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குதிரைகள் தண்ணீர் குடிப்பதற்காகத் தபால் கந்தோருக்கு முன்னால் கட்டிய கல் தொட்டி அது. ஊரில் குதிரையே இல்லை. ஆனாலும் தொட்டியை எடுக்கலாமா கூடாதா என்று மேசையில் குத்திக்குத்திப் பேசினார்கள். சட்டப் புத்தகத்துக்கும் அதே வயதுதான். நடைபாதையில் ஆடு கட்டக் கூடாது, வண்டிக் குதிரையைத் தேவாலய வாசலில் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. நான் எதற்கும் சிரிக்காமல் எழுதப் பழகிக்கொண்டேன். உதட்டைக் கடித்துக் கடித்து எனக்குப் புண்ணே வந்துவிட்டது.

எங்கள் வினை புல்லில் தொடங்கியது. இந்த நாட்டில் வீட்டு எல்லைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு துண்டு புல் நிலம் இருக்கும். நேச்சர் ஸ்ட்ரிப் என்பார்கள். நிலம் நகரசபையுடையது, புல் வெட்டுவது நம்முடைய தலையெழுத்து. நாங்கள் வீடு வாங்கிப் போன புதிதில், முன்னால் புல் வளர்ந்துவிட்டது, வெட்டுங்கள் என்று நகரசபை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் அங்கே வேலைக்குச் சேரவில்லை. என் கணவர் வெட்டினார். பிறகும் வெட்டினார். ஒரு வருடம் வெட்டிய பிறகு ஒரு நாள் புல்லைக் கொத்திப் புரட்டி மிளகாய்க் கன்று வைத்தார். அடுத்த வரிசையில் வெண்டி. அதற்கடுத்த கிழமை தொழிற்சாலையில் வீசியெறிந்த பலகைகளைக் கொண்டுவந்து சுற்றிவர வேலி அடித்தார்.

யாழ்ப்பாணத்தானுக்கு வேலி என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். ஒரு விரற்கடை வேலிக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த மனிதருக்கு முன்பக்கம் வேலியில்லாத வீடு உடுப்பில்லாமல் நிற்பது மாதிரித்தான் இருந்திருக்கும். போதாததற்கு, ஒரு நிலத்தை நெடுங்காலம் ஆண்டு அனுபவித்தால் அது உனக்கே சொந்தம் என்ற சட்டம் அவருக்கு மனப்பாடம்.

"இஞ்சேருங்கோ, உது கவுன்சிலின்ரை காணியெல்லோ?" என்றேன்.

"பராமரிக்கிறது ஆர்? நான். அப்ப ஆரின்ரை காணி? கணக்குச் சரிதானே?" என்றார்.

நடக்க இடமில்லை, ரோட்டில் இறங்கி நடக்கவேண்டியிருக்கிறது என்று யாரோ முறையிட்டுவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் குதிரைத் தொட்டிக்கு அடுத்த விஷயமாக என் வீட்டு விலாசத்தை வாசித்தார்கள். என் பென்சில் முனை முறிந்தது. நேரில் போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்வோம் என்றார் மேயர். அது அவர்களுடைய வழக்கம். ஒரு மரத்தை வெட்டுவதானாலும் முழுச் சபையும் பஸ்ஸில் ஏறிப் போய் அதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு வரும். குறிப்பெடுக்க நானும் போகவேண்டும்.

கூட்டம் முடிந்ததும் டவுன் கிளார்க்கிடம் உண்மையைச் சொன்னேன். முகத்தில் சிரிப்பென்பதே வராத மனிதர் அவர்.

"நல்லது. டிரைவருக்கு வழி காட்ட ஆள் இருக்கிறது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "திங்கட்கிழமை உங்கள் வேலையைப் பற்றி நான் முடிவு செய்யவேண்டும். சபையின் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கிற ஒருவரை நான் நிரந்தரமாக்க முடியாது. அதற்குள் வேலி போய்விட்டால் நான் எதையும் பார்க்கவில்லை."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் குசினிக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உம்மை வெருட்டுறாங்கள். ஒருத்தரும் வேலிக்காக ஆளை வேலையாலை நிப்பாட்டமாட்டாங்கள்" என்றார்.

"நிப்பாட்டினால்?"

"இங்கிலாந்து மகாராணி வந்து சொன்னாலும் உந்த வேலியை எடுக்கேலாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோபத்துக்கு அடியில் ஒரு துக்கமும் இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். வகுப்பறை நிறையப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதர். இந்தக் கண்டத்தில் அவர் சொல்லுக்கு அடங்கி நின்றது அந்த மிளகாய்க் கன்றுகள் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் முன்சீற்றில் இருந்து, "இடப்பக்கம் திரும்புங்கள்" என்று என் வீட்டுக்கே வழி சொன்னேன். வேலி அப்படியே நின்றது. வேலிக்குள்ளே கல்யாண வீட்டில் போல கதிரைகள். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியிருந்தார். கழுத்துப் பட்டி கட்டி, கையில் வடைத் தட்டோடு என் கணவர் நின்றார். வழக்குப் பேச வருகிறவனானாலும் வீட்டுக்கு வருகிறவன் விருந்தாளி என்பது அவருடைய கொள்கை.

சபை உறுப்பினர்கள் நிலத்தைப் பார்வையிடுவதை விட்டுவிட்டு வடையைப் பார்வையிட்டார்கள். பச்சை மிளகாய் கடிபட்ட இருவருக்குக் கண்ணீர் வந்தது. மேயர் தொண்டையைச் செருமி, ஏன் வேலி அடித்தீர்கள் என்று கேட்டார்.

"நீங்கள்தான் என்னைப் புல் வெட்டச் சொன்னீர்கள். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவனைச் சம்பளமில்லாமல் வேலை செய்யச் சொல்ல உங்களைப் போன்ற கனவான்களுக்கு மனம் வராது. ஆகவே நிலம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன்" என்றார் என் கணவர், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில்.

இறைச்சிக்கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நான் ஆயுள் முழுக்க உங்கள் புல்லை இனாமாக வெட்டியிருக்கிறேனே, மேயர்!"

சிரிப்பு அடங்கியதும் கதிரைகளில் இருந்தபடியே வாக்கெடுத்தார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, சில கைகளில் வடை. வேலி போகவேண்டும். ஆனால் அவசரமில்லை, இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் போதும் என்று மேயர் பெருந்தன்மையாகச் சொன்னார். டவுன் கிளார்க் என்னைப் பார்த்தார். அந்தப் பெருந்தன்மை எனக்குத்தான் விழுந்த அடி; இரண்டு வாரம் கிடைத்தால் என் கணவர் திங்கட்கிழமைக்குள் வேலியைத் தொடவேமாட்டார். நான் எழுதுவதை நிறுத்தினேன்.

அதை என் கணவர் கண்டார். தமிழில் மெல்லக் கேட்டார்.

"மெய்யாத்தான் உம்மை நிப்பாட்டுவினமோ?"

"ஓம். திங்கக்கிழமை."

வடைத் தட்டை மேயரின் கையில் கொடுத்தார். கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு முதல் கட்டையைக் கட்டிப்பிடித்து ஆட்டத் தொடங்கினார். "அவசரமில்லை, சார்" என்றார் மேயர், தட்டோடு. என் கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறைச்சிக்கடைக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டு மற்றப் பக்கம் பிடித்தார். நான் குறிப்பேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகாராணிக்கு எடுக்கமாட்டேன் என்றவர், அத்தனை பேர் முன்னால் எனக்காக எடுத்தார்.

பஸ் புறப்பட்டபோது வேலி முழுவதும் நிலத்தில் கிடந்தது.

திங்கட்கிழமை டவுன் கிளார்க் என்னைக் கூப்பிட்டு நிரந்தரம் என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். என் கணவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தன் கோப்பையோடு எதிரே வந்து அமர்ந்தார்.

"நிரந்தரமெண்டால், இனி அவங்கள் உம்மை நிப்பாட்டேலாதோ?"

"லேசிலை ஏலாது."

"புருசன் என்ன செய்தாலும்?"

"அவர் செய்யிறதுக்கு என்னை என்ன செய்யிறது?" என்றேன், பெருமையாக.

"அப்பிடியோ" என்று எழுந்து போனார். நான் சந்தோஷத்தில் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாதிக் கோப்பை முடிந்திருக்கும், வீட்டுக்கு முன்னால் அலவாங்கு போட்டு வேலிக் கட்டைக்குக் குழி தோண்டுகிற சத்தம் கேட்டது.