மறுப்பு போட்ட வெள்ளிக்கிழமை

என் மகள் எங்கள் வீட்டு மாடியில் இருந்து நடத்தும் வீடியோ கேம் செய்தித் தளத்தின் முதல் செய்தியை வெளியிட்டது நான்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் ‘வெளியிடு’ என்ற பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கை ராசியான கை என்பாள். அவள் எழுதி வைப்பாள். நான் நேரம் பார்த்து அழுத்துவேன். ராயகிரி, வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகள் எல்லாம் தமிழில் கேம் செய்தி வாசிக்கத் தொடங்கியது அப்படித்தான். ராகு காலத்தில் ஒரு செய்திகூட எங்கள் தளத்தில் வந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பத்தே முக்காலுக்குப் போன் வந்தது.

“எம்மா, நேத்து ஒரு கேமை மூடப் போறாவன்னு போட்டோம்லா, அது பொய்யாம். பதினொரு மணிக்குள்ள மறுப்பு வரலன்னா இனி செய்தியே தரமாட்டோம்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். சந்தேகமா இருந்துச்சுன்னு மறுப்பை எழுதி வச்சிட்டுத்தான் வந்தேன். இங்க நெட்டு கிடைக்கல. நீ அழுத்திரு.”

“ஏட்டி, இப்ப ராகு காலம். பன்னெண்டுக்கு மேல அழுத்துதேன்.”

“பன்னெண்டுக்கு நம்ம தளமே இருக்காது! நேத்து நீ நல்ல நேரம் பாத்துப் போட்டதுதான பொய்யாப் போச்சு?”

லைன் அறுந்துவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிகள் முன்கூட்டியே சொல்லும் செய்திதான் அந்தத் தளத்துக்கு உயிர். அது நின்றால் அவள் இத்தனை வருடம் பட்ட பாடு வீண். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மறுப்பை எழுத்துக் கூட்டினேன். ‘தவறு எங்களுடையது’ என்று எழுதியிருந்தாள். எங்களுடையது என்றால் அதில் நானும் உண்டு. மணி பத்து ஐம்பத்து நான்கு. மவுஸில் கை வைத்தேன். புதிதாகத் தொடங்கும் காரியத்துக்குத்தானே ராகு காலம் பார்ப்பது, செய்த தப்பைத் திருத்துவதற்கு எதற்கு? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுத்திவிட்டேன்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து ஐம்பத்தாறுக்கு மறுப்பு வந்து நின்றது.

சாயங்காலம் வந்தவள், “கம்பெனிக்காரன் சரின்னுட்டான்மா” என்றாள்.

“நாலு நிமிசம் முன்னாலயே போட்டிருக்கேன். ஒரு நன்றி சொன்னானா?” என்று கேட்டேன்.

சொல்லவில்லையாம்.