மூச்சுவிட்ட வீரன்

பினாங்கில் தமிழ்ப்படம் பார்ப்பவனுக்கு முதலில் பழக வேண்டியது, வசனத்துக்கு முன்னால் வரும் சிரிப்பு. திரையின் அடியில் மலாய் எழுத்து ஓடும். விதூஷகன் வாயைத் திறப்பதற்குள் மலாய்க்காரர்களும் சீனர்களும் அதைப் படித்துச் சிரித்து முடித்துவிடுவார்கள். அவன் பேசும்போது தமிழர்கள் நாங்கள் மட்டும் தனியே சிரிப்போம். இங்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அந்த இரண்டாவது சிரிப்பு எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

வாரமெல்லாம் துறைமுகக் கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் படம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி இங்குள்ள ஒரு சிறிய தமிழ் வார இதழுக்கு எழுதுவேன். ராஜா ராணிப் படம் என்றால் என்னிடம்தான் தருவார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் முதலாவதாக வந்தவன் என்ற கர்வம் எனக்கு. சோழர் காலத்து விருந்தில் மிளகாய் வற்றல் கிடந்தால் விடமாட்டேன். அரண்மனை விதானத்தில் மின்விசிறிக் கொக்கி தெரிந்தால் அதற்கு ஒரு பத்தி. உழைத்து அலுத்தவனுக்குப் பிறர் குற்றம் கண்டுபிடிப்பதும் ஒருவித ஓய்வுதான்.

திண்டுக்கல்லில் இருந்தபோது இந்தப் படங்களை நான் தனியாகப் பார்த்ததில்லை. தாடிக்கொம்பு ரோட்டு டூரிங் கொட்டகையில், என் தங்கை செல்வமேரியின் கணவர் சவரிமுத்துவோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன். அவர் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தார். அகன்ற மார்பு, கணீரென்ற குரல். மறுநாள் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே நின்று, ராஜாவின் சபதம் முழுவதையும் தோல்களைப் பார்த்துச் சொல்வார். நான் கப்பலேறிய சில வருஷங்களில் அவரும் நடிக்கப் போவதாகச் சென்னைக்கு ரயிலேறினார். முதலில் கடிதம் வந்துகொண்டிருந்ததாம். பிறகு அதுவும் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு படத்தைப் பற்றி இப்படி எழுதினேன்: “களத்தில் செத்துக் கிடக்கும் வீரன் கையில் அம்மை குத்திய தழும்பு! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்த ஆஸ்பத்திரியில் குத்திக்கொண்டானோ? போதாக்குறைக்கு வயிறு வேறு ஏறி இறங்குகிறது. செத்தவனாவது ஒழுங்காகச் செத்திருக்கக் கூடாதா?” கிடங்கில் எல்லாரும் வாய்விட்டுப் படித்தார்கள். வழக்கம்போல ஒரு பிரதியைத் தங்கைக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது.

“அண்ணே, நீ எழுதுன படம் இங்கயும் வந்துச்சு. அந்தக் கை அவுக கைதான். மூணு தழும்புல நடுவுல உள்ளது சீழ் வச்சு ஆறி, புளியங்கொட்டை கணக்கா இருக்கும். மூஞ்சி மண்ணுல கெடந்துச்சு, தெரியல. தழும்ப வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். வயிறு ஏறி எறங்குறதப் பாத்துத்தான் அவுக உசுரோட இருக்காகன்னு மனசு ஆறுச்சு. நாலு நாள் போயிப் பாத்தேன்.”

திட்டி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அதற்குள் படம் ஈப்போவுக்குப் போயிருந்தது. ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். அந்தக் கை வந்தது. அந்த வயிறு ஏறி இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த சீனக் கிழவர் என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், “என் தங்கை புருஷன்” என்று திரையைக் காட்டினேன். நான் விரலை நீட்டுவதற்குள் திரையில் ராஜா வந்துவிட்டார். கிழவர் ராஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடைவேளையில் இரண்டு கைகளாலும் மரியாதையாக எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை நீட்டினார். இல்லை, அவரல்ல, கீழே கிடந்தவர் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. வாங்கித் தின்றேன்.

பினாங்கு திரும்பி, மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். பேரில்லாத நடிகனுக்கு எதற்கு மன்னிப்பு என்று ஆசிரியர் போடவில்லை. அடுத்த வருஷம் விடுப்புக் கிடைத்ததும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினேன்.

சவரிமுத்து எனக்கு முன்பே வீடு திரும்பியிருந்தார். படப்பிடிப்பில் குதிரை மிதித்து, இடது கால் மடங்காமல் போயிருந்தது. பழைய கூடத்திலேயே வாயிற்காவல். கப்பலில் ஏழு நாளும் ஒத்திகை பார்த்த பேச்சை நான் ஆரம்பித்தேன்.

“மாப்ள, நான் எழுதுனது...”

“மூச்ச அடக்கத்தான் பாத்தேன் மச்சான்” என்றார். “உச்சி வெயிலு. செத்த நேரம்னா அடக்கலாம். ராசா வேசக்காரரு வசனத்த மறந்து மறந்து, ஏழு வாட்டி எடுத்தாக.”

“என்னைய மன்னிச்சிருங்க.”

“அட நீங்க வேற! அம்புட்டுப் படத்துலயும் ஓடுனேன், விழுந்தேன், செத்தேன். என்னையப் பத்தி எழுதுன ஒரே ஆளு நீங்கதான்.” பெட்டியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பு கிழிந்திருந்தது. “கூடத்துல எல்லாருக்கும் காட்டிட்டேன்.”

அவர் சிரித்தார். வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த செல்வமேரி சிரிக்கவில்லை.

“ஊரே பாத்த கை. அந்தக் கைக்கு ஒரு கடுதாசி எழுத ஏலல” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நீயுந்தாண்ணே. பத்திரிகைதான் வாராவாரம் வந்துச்சு. எப்படி இருக்கேன்னு ரெண்டு வரி?” என்றாள்.

நான் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தேன்.

அன்று சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு மூவரும் போனோம். வேறொரு ராஜா படம். நான் எல்லாருக்கும் நாற்காலிச் சீட்டு எடுத்தேன். செல்வமேரி பழக்கம்போலப் பெண்கள் பக்கத்து மணலுக்குப் போய்விட்டாள். “கால நீட்டணும் மச்சான், எனக்கும் மணல்தான் தோது” என்று சவரிமுத்துவும், நாற்காலிகளையும் மணலையும் பிரிக்கும் குட்டைச்சுவருக்கு அந்தப்புறம் ஆண்கள் பக்கம் இறங்கிவிட்டார். நாற்காலி வரிசையில் நான் மட்டும் சலவைக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் படை வந்தது. சவரிமுத்து திரும்பிப் பார்த்துக் கத்தினார்: “மச்சான்! கேடயம் தூக்கிட்டு வாரானே, நெல்லூர்க்காரன்! பக்கத்துல பாலக்காட்டுக்காரன்! ரெண்டு பேரும் ஊருப் பக்கம் போகாம வருசக்கணக்காச்சு!” முரசுச் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவரருகே போகலாமென்று சுவரில் ஏறினேன். என் தலை நிழல் திரையில் விழுந்து அந்தப் படை முழுவதையும் மறைத்தது.

“யாருப்பு அது, வெளியூரா? உக்காரு, மறைக்குது!” என்று இருபுறமும் குரல்கள்.

மணல் பக்கம் கால் வைக்க இடமில்லை; நாற்காலிப் பக்கம் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக அந்தச் சுவர்மேலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.