ஹார்ன் அறையில் ஒரு சிரிப்பு

அவருடைய வாலிபம் முழுவதும் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கத்திலேயே கழிந்தது. அந்த இடிச்சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. உதடு அசைவதைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். டீக்குக் கூப்பிடுவதிலிருந்து சூப்பர்வைசரைத் திட்டுவது வரை எல்லாமே உதட்டில்தான். காதுதான் போயிற்று. முழுச் செவிடு இல்லை. பேச்சும் பாட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மழுங்கிக் கேட்கும்.

அப்படிப்பட்டவருக்குப் பாட்டுப் பைத்தியம். மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் அறையில் கனத்த திரை, தரைக்கு விரிப்பு, ஒரு சாய்வு நாற்காலி எல்லாம் வந்துவிட்டன. ஹார்ன் ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றார். அகன்ற வாய் கொண்ட அந்தக் குழல், சத்தத்தைச் சிதறவிடாமல் நேராக முகத்துக்கே கொண்டுவருமாம். மழுங்கின காதுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை.

“வீட்டுக்குள்ள குழாய் கட்டி என்ன, ஓட்டு கேக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

“நின்னா நீ ஓட்டுப் போட மாட்டியா?”

“எதிர் வீட்டுக்காரங்களுக்குப் போடுவேன். பாவம், அவங்கதானே கஷ்டப்படப் போறாங்க.”

இந்த வாய்க்காகத்தான் இவளைக் கட்டிக்கொண்டேன் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்.

அவளுடைய அண்ணன் ஸ்பீக்கர் விற்கும் கடையில் வேலை பார்த்தார். ஞாயிறு காலை இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று, இழுத்து மூடிய தியேட்டரிலிருந்து வந்த மர ஹார்ன். அதைப்போல இன்னொன்று கிடைக்காது. மற்றது புத்தம் புதிது, பளபளவென்று இருந்தது.

மர ஹார்னில் பாட்டு தொடங்கியது. பல்லவி முடிந்து, பாடுகிற அம்மாள் மூச்சு இழுத்தாள். அந்த மூச்சு அவருக்குக் கேட்டது. எத்தனையோ வருடங்களாகக் கேட்காத ஒன்று. கண் கலங்கிவிட்டது.

“மச்சான், இதுதான்.”

“அவசரப்படாதீங்க மாப்ள. இது காதைக் கிழிக்குது. உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியுது. புதுசைக் கேளுங்க.”

புதியதில் பாட்டு மறுபடி போர்வைக்குள் போய்விட்டது. ஆனாலும் நல்ல காது உள்ளவர் சொல்கிறாரே என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. “எதுக்கும் பழசை இன்னொரு தடவை வைங்க. சத்தமா” என்றார்.

அறையே அதிர்ந்தது. அந்தத் தைரியத்தில், நாற்காலிக்குப் பின்னால் நின்ற மச்சான் தங்கையின் காதோரம் குனிந்தார். நாற்காலியில் இருந்தவர் தற்செயலாகத் திரும்பி மச்சானின் உதட்டைப் பார்த்தார்.

‘இதை நான் எடுத்துக்கறேன். கடைக்கு வந்த நாள்லேர்ந்து இது மேல எனக்குக் கண்ணு. அவருக்கென்ன, தகர டப்பாவை வெச்சாலும் தெரியவா போகுது?’

மச்சான் சொன்னதைக்கூட அவர் தாங்கியிருப்பார். ஆனால் அவள் சிரித்தாள். சிரித்தபடியே அவள் உதடு சொன்னது: ‘எடுத்துக்கோண்ணே. புதுசுதான் நல்லதுன்னு நான் சொல்லிக்கறேன். நான் சொன்னா நம்புவாரு.’

எந்த மெஷினும் அவரை அப்படி அடித்ததில்லை.

பாட்டு நின்றது.

“புதுசுதாங்க நல்லா இருக்கு,” என்றாள், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல். “பழசு தலைவலி கொடுக்குது.”

“உனக்கு வலிக்குதா?”

“ஆமாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் மச்சானைப் பார்த்தார். “பழசு இங்கயே இருக்கட்டும். புதுசை ஏத்திக்குங்க மச்சான். தகர டப்பா எனக்கு வேண்டாம்.”

மச்சானின் முகம் வெளுத்தது. அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

வண்டி போன பிறகு அவர் பாட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் வந்து நாற்காலிக்கு முன் மண்டியிட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, அவர் படித்துவிட வேண்டுமே என்று முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிதானமாக உதட்டை அசைத்தாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.