பின்னால் நிற்கும் மாப்பிள்ளை

பாராசூட் பீரங்கிப் படைக்காரரின் மனைவியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். பயப்படுவது அதில் முழுநேர வேலை. ஃபோன் அடித்தாலும் பதறி, அடிக்காவிட்டாலும் பதறும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அப்பா சொன்ன சமாதானம்

புதுச்சேரி கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள், பீரங்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. பிரெஞ்சு ராணுவத்து மாப்பிள்ளை என்றதும் அழுதேன். "பீரங்கிக்காரங்க சண்டைக்கு ரொம்பப் பின்னாடி நிப்பாங்கம்மா" என்று அப்பா தேற்றினார். நம்பிக் கழுத்தை நீட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் வேலையை விசாரித்தேன். காலாட்படையோடு முன்னால் நடந்துபோய், குண்டு எங்கே விழவேண்டும் என்று ரேடியோவில் சொல்கிறவராம். அப்பா சொன்னதைச் சொல்லிக் கேட்டேன். "மாமா சரியாத்தான் சொல்லியிருக்கார். பீரங்கி பின்னாடிதான் நிக்குது. நான்தான் முன்னாடி போறேன்" என்றார்.

குதிரையும் குடையும்

குழந்தை பிறந்ததும் இங்கிலீஷ்காரர்கள் ஊரான இல்ஃபோர்டில் என் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் லீவில் வந்தால் வீடே கலகலக்கும். மகனை மடியில் வைத்துக்கொண்டு ரெஜிமென்ட் சரித்திரத்தை அவிழ்த்துவிடுவார். பீரங்கியைக் குதிரை இழுத்த காலத்திலேயே பிறந்த ரெஜிமென்டாம். உலகப் போருக்கு அப்புறம்தான் பாராசூட் மாட்டிக்கொண்டதாம். பீரங்கியைத் தனியாகக் குடை கட்டி விமானத்திலிருந்து தள்ளிவிட்டு, இவர்களும் குதித்து, கீழே அதைத் தேடிப் பிடிப்பார்களாம்.

அக்கா வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சகலை, டிவி ரிமோட்டை ரெண்டு நாளா காணோம். அதைக் கொஞ்சம் தேடிப் பிடிங்க, பாப்போம்."

இரண்டு திருநாள்

அவர் ரெஜிமென்டுக்குப் பாதுகாவலர்களாகப் புனிதர்கள் இரண்டு பேர்: பாராசூட்டுக்கு மிக்கேல் சம்மனசு, பீரங்கிக்கு அர்ச்சிஷ்ட பார்பரா. அவர் ஆப்கானிஸ்தான் போன வருஷம் இரண்டு திருநாளுக்கும் மறக்காமல் மெழுகுவத்தி ஏற்றினேன். மகனுக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டே அக்கா கேட்டாள்: "எல்லாருக்கும் ஒரு காவல் போதும். இவருக்கு ரெண்டு வேணும்னா, அது என்ன வேலைடி?"

பக்கத்து வீட்டு அக்கா

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெருமையோடு என் கணவர் வேலையை விளக்கினேன். கையிலிருந்த கிளிப்பைக் கூடையில் போட்டுவிட்டு அந்த அக்கா சொன்னார்: "தங்கச்சி, இடத்தைச் சொல்ல முதல், அங்க ஆர் இருக்கினம் எண்டு வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ. நாங்கள் ஷெல் விழுந்த பக்கம் இருந்த சனம்."

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "அந்த அக்காகிட்ட சொல்லு. அதைப் பாக்கத்தான் அவ்வளவு கிட்டப் போறேன்."

அவர் பின்னாலேயே நிற்க வேண்டும் என்றிருந்த என் ஜெபத்தை, முன்னால் போய் நன்றாகப் பார்த்துவிட்டு முழுசாய்த் திரும்பி வர வேண்டும் என்று அன்றைக்கே திருத்திவிட்டேன். பயத்துக்கு மட்டும் இன்னும் லீவு கிடைக்கவில்லை.