ஜீப்பில் நடந்த பரீட்சை

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பது பெண் பார்க்கப் போவதைவிடச் சிரமம். அங்கே இரண்டு வீட்டார்தான் குறை சொல்வார்கள், இங்கே ஊரே சொல்லும். மழலையர் பள்ளி நடத்தும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? போடியில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் நானும் செல்வி டீச்சரும் ஒரு சின்னப் பள்ளி நடத்துகிறோம். இந்த வருடம் எந்தப் பாடத்திட்டம் என்று யோசிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பெட்டியோடு வந்தவர்

முதலில் மதுரையிலிருந்து ஒருவர் பாடத்திட்டத்தைப் பெட்டியில் வைத்து விற்க வந்தார். ஆப்பிள் வாரம், பனிக்கரடி வாரம், கடற்கரை வாரம் என்று மேசை முழுக்கப் படங்களைப் பரப்பினார்.

"எங்க பிள்ளைகள்ல பாதிப் பேரு ஏலத்தோட்டத்துல இருந்து வருது. ஏலக்காய் எங்கயுமே இல்லியே?" என்றேன். அவர் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடிவிட்டுச் சொன்னார்: "அது ஃபாரின் சிலபஸ்ல வராது மேடம். வேணும்னா பனிக்கரடி மேல ஒட்டிக்கோங்க."

பென்சில் இல்லாத பள்ளிக்கூடம்

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாங்களே ஒன்றை உருவாக்கினோம். பென்சில் கிடையாது. கதை, பாட்டு, மண், தண்ணீர், அவ்வளவுதான். பெற்றோருக்குப் பிடிக்காவிட்டால் பள்ளியை இழுத்து மூட வேண்டும் என்று தெரிந்தேதான் துணிந்தோம்.

முதல் வாரமே ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் வந்தார். அவர் மகள் தலையிலிருந்து கால்வரை சேறாக நின்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "மண்ணக் கிண்டுறதுக்கு எங்க தோட்டத்துலயே எடம் கெடக்கு டீச்சர். அதுக்கு எதுக்கு ஷூவ மாட்டி அனுப்பணும்?"

நடமாடும் தேர்வு அதிகாரி

மலைப் பிள்ளைகள் வருவது மாயாண்டி அண்ணன் ஜீப்பில். விடியலில் தோட்ட வேலையாட்களை மேலே ஏற்றிப் போகிறவர், காலியாக இறங்காமல் மலைமேல் போடிமெட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். டவுனில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அதே ஜீப்தான். வழிநெடுகப் பரீட்சை வைத்து, சாயங்காலம் தாய்மாரிடம் முடிவை அறிவிப்பது அவராக எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடமே வந்தார். "அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஏ ஃபார் ஆப்பிள்னு மழையாக் கொட்டுதுக. ஒங்க பிள்ளைககிட்ட கேட்டா, 'யானை எப்பிடித் தூங்கும் மாமா?'ன்னு என்னையத் திருப்பிக் கேக்குதுக!"

செல்வியின் கவலை

மாயாண்டி அண்ணன் அறிவித்த முடிவைக் கேட்டு, சனிக்கிழமை தாய்மார் கூட்டமாகப் பேச வருவதாகத் தகவல் வந்தது. மலைப் பிள்ளைகள் நின்றுவிட்டால் பள்ளியில் பாதி காலி. 'நாளைக்கே பென்சில் வாங்கிவிடலாமா?' என்றுகூட நினைத்தேன்.

செல்வி என்னைவிடத் தெளிவாக யோசித்திருந்தாள். "பள்ளிக்கூடம் போச்சுன்னா நாம ரெண்டு பேரும் ஏலக்காய் எடுக்கத்தான் போகணும்க்கா. எனக்கு அங்க கால்ல ஏறி ரத்தம் உறிஞ்சுற அட்டைன்னா பயம், அதையும் பாத்துக்கங்க."

யானைப் பாட்டு

சனிக்கிழமை தாய்மார் வந்தார்கள், கூடவே மாயாண்டி அண்ணனும். மூளை வளர்ச்சி பற்றி நான் மனப்பாடம் செய்திருந்த பேச்சைத் தொடங்குமுன் அவர் குறுக்கிட்டார். "பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக குனிஞ்சு புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே வந்து, வளைவுக்கு வளைவு கக்குதுக. நம்ம பிள்ளைக நிமிந்து வெளிய பாத்து, டீச்சர் சொல்லிக்குடுத்த யானைப் பாட்டப் பாடி, ஜீப்பு திரும்புற பக்கமே சாஞ்சு ஆடிக்கிட்டு வருதுக. இப்பல்லாம் ஒண்ணுகூட வாந்தி எடுக்கிறதில்ல."

அந்தப் பாட்டை நான் உருவாக்கியது உடலசைவுப் பயிற்சிக்கு. கொண்டை ஊசி வளைவு என் கனவிலும் இல்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன். எங்களைக் கேள்வி கேட்க வந்த தோட்டத்து அம்மா ஒருவர், மலையாளம் கலந்த தமிழில் கூட்டத்தை முடித்துவைத்தார்: "எழுத்து பதுக்கெ, மெதுவா வரட்டும் டீச்சரே, காலையில தின்ன இட்லி உள்ள இருந்தாப் போதும்."

இப்போது பள்ளி வாசல் பலகையில் எழுதியிருக்கும் எங்கள் பாடத்திட்டத்தின் பயன்களில், மொழி வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் மேலே முதல் வரியாக 'வாந்தி வராது' என்று சேர்த்திருக்கிறோம்; அதைப் படித்துவிட்டுத்தான் பெரிய பள்ளிக்கூடத்துப் பெற்றோரும் விசாரிக்க வருகிறார்கள்.